துரு பிடிக்க வைத்தாச்சு, நிறுத்த முடியவில்லையா? பழைய புல்லட்டில் 'பழசு' வேலை கெடும் இடங்கள்

எங்கள் வடசென்னைப் பக்கத்தில், தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை, இரும்பைப் பழசாக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. மொட்டைமாடியில் ஒரு ஸ்பேனரை மறந்து வைத்துவிட்டால் ரெண்டே ராத்திரியில் கடல்காற்று அந்த வேலையைப் பார்த்துவிடும். இருந்தாலும் 'புதுசு மாதிரி பளபளவென்று வேண்டாம், தாத்தா ஓட்டின வண்டி மாதிரி இருக்கணும்' என்று கேட்டுப் பழைய புல்லட் பைக்கோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் நான் செய்து கொடுத்த வண்டிகள் மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடும். துரு கொட்டுகிறது, வெள்ளை பூத்திருக்கிறது, பேண்டில் காவிக் கறை. அதே கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து எழுதி வைத்தவை இந்தக் குறிப்புகள். உங்கள் வண்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

## ஆரம்பிக்கும் முன்: இவற்றில் கை வைக்காதீர்கள்

ஆக்ஸில், பிரேக் ராடு, ஃபோர்க் குழாய், ஸ்போக்ஸ், ஸ்போக் நிப்பிள், ரிம், ஹேண்டில்பார், இன்ஜினைத் தாங்கும் போல்ட்டுகள், செயின். இவை எடை தாங்குபவை. ஆசிட் பட்டால் கெட்டியான எஃகு உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வினிகரும் ஆசிட்தான்.

சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பொறித்த இடங்களில் டேப் ஒட்டி மறைத்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள். எண் அரித்துப்போன வண்டியை வைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்பது வேண்டாத வேலை. வண்டியின் நிறமே மாறுகிறது என்றால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். 50 வருடத்தைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் தனிப் பதிவு முறை வந்தது, 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு. அதற்குப் போகிற எண்ணம் இருந்தால் வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

துருவை வரவழைக்க நான் பயன்படுத்தும் கரைசல் இது: 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 400 மில்லி, வெள்ளை வினிகர் 50 மில்லி, உப்பு ஒரு தேக்கரண்டி. மருந்துக்கடையில் பெரும்பாலும் 6 சதவீதம்தான் கிடைக்கும், அதற்குச் சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றன்றைக்குக் கலப்பதை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தை மூடி போட்ட பாட்டிலில் வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். கலவை கண்ணையும் மூக்கையும் எரிக்கும். கையுறை, கண்ணாடி, திறந்த இடம் மூன்றும் வேண்டும். பிளீச்சிங் பவுடரையோ வெள்ளைத்துணிக்குப் போடும் பிளீச்சையோ இதில் கலந்தால் குளோரின் கிளம்பும். கலக்கவே கலக்காதீர்கள்.

## துரு வரவே மாட்டேன் என்கிறது

கரைசல் தெளித்து அரை மணி நேரம் ஆகிறது, இரும்பு சும்மா ஈரமாக நிற்கிறது. இந்த ஊரில் இப்படி ஒரு பிரச்சினையா என்று சிரிப்பீர்கள், ஆனால் அடிக்கடி வரும்.

முதலில் சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் இரும்பு சுத்தம். முத்துமுத்தாகப் பிரிந்து நின்றால் எண்ணெய் இருக்கிறது. காரணம் பெரும்பாலும் நம் கைதான். தின்னரில் துடைத்துவிட்டு அதே பழைய பனியன் வேஸ்ட்டால் (பட்டறையில் துடைக்கும் கழிவுத்துணி) மறுபடி துடைப்போம், அந்த வேஸ்ட்டில் இன்ஜின் ஆயில் இருக்கும். புது வேஸ்ட், புது கையுறை. பாத்திரம் கழுவும் சோப்பை வெந்நீரில் போட்டுத் தேய்த்து, கடைசியில் தின்னரால் ஒரே திசையில் ஒரு தடவை. டாஷ்போர்டு பாலிஷ் மாதிரி சிலிக்கான் உள்ள எதுவும் அந்தப் பக்கம் வந்திருந்தால் ஒரு தடவை போதாது, மூன்று தடவை துடைக்க வேண்டும்.

தண்ணீர் சீராக வழிந்தும் துரு வரவில்லையா? மேலே இன்னொரு உலோகப் பூச்சு இருக்கலாம். சாம்பல் நிறத்தில் நுரை வந்தால் அது துத்தநாகப் பூச்சு. சின்ன ஸ்க்ரூ, கிளாம்ப், பிராக்கெட் போன்றவற்றை வினிகரில் ஊறப்போடுங்கள். குமிழ் நின்றதும் எடுத்துக் கழுவினால் அடியில் இரும்பு இருக்கும். நுரையே இல்லை, நீலம் கலந்த பளபளப்பு என்றால் குரோம். அதற்குக் கீழே தனித் தலைப்பு இருக்கிறது.

காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ ஸ்டெயின்லெஸ்ஸாகவோ இருக்கும், வருடக்கணக்கில் தெளித்தாலும் சிவக்காது. போன தடவை யாரோ ஸ்டெயின்லெஸ் மட்கார்டு மாற்றி வைத்திருப்பார்கள், நமக்குத் தெரியாது.

இதில் எதுவும் இல்லை என்றால் பெராக்சைடு செத்துப்போயிருக்கும். கொஞ்சம் எடுத்து வெட்டிய உருளைக்கிழங்கின் மேல் ஊற்றுங்கள். நுரைத்தால் உயிர் இருக்கிறது. இல்லையென்றால் புது பாட்டில் வாங்குங்கள்.

## துரு வந்தது, ஆனால் திட்டுத்திட்டாக, கோடுகோடாக

கைரேகை வடிவில் வெறும் இடம் தெரிந்தால் மேலே சொன்ன எண்ணெய் கதைதான்.

மேலிருந்து கீழே ஒழுகிய கோடுகளா? பிரஷ்ஷால் பூசியிருப்பீர்கள், அல்லது பாகத்தை நிமிர்த்தி வைத்துத் தெளித்திருப்பீர்கள். படுக்க வைத்து, மெல்லிய தூறலாகத் தெளித்து, காயவிட்டு, மறுபடி தெளிக்க வேண்டும். ஒரே தடவை ஊற்றி முடிப்பதைவிட ஆறு தடவை தூறல் போடுவது மேல். வெயிலில் சூடேறிய டேங்க் மீது தெளித்தால் விழுந்த இடத்திலேயே காய்ந்து அம்மைத் தழும்பு மாதிரி ஆகும். நிழலில் வைத்துச் செய்யுங்கள்.

நெளிவை நிரப்பப் பட்டி போட்ட இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறதா? அங்கே இரும்பே இல்லை, பிளாஸ்டிக் பட்டிதான் இருக்கிறது. ரெண்டு வழி. அந்த இடத்தில் மட்டும் துரு நிறப் பெயிண்டை ஸ்பாஞ்சால் ஒற்றி ஏமாற்றலாம், நாலடி தூரத்தில் தெரியாது. இல்லையென்றால் பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு டிங்கர் ஒருவரிடம் கொடுத்து நெளிவைத் தட்டி நிமிர்த்தச் சொல்ல வேண்டும். பட்டியைச் சுரண்டும்போது ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகக் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் தகடு அரித்துவிட்டது. அங்கே உங்கள் வேலை முடிந்தது, வெல்டர் வேலை ஆரம்பம். அது பெட்ரோல் டேங்காக இருந்தால் வீட்டில் நெருப்பு கிட்டேயே கொண்டு போகாதீர்கள். காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவிதான் வெடிக்கும். டேங்க் வேலை மட்டுமே செய்கிறவரிடம் கொடுங்கள்.

## தொட்டால் கையில் ஒட்டுகிறது

"அண்ணா, சூப்பரா இருக்கு, ஆனா தொட்டா காவி ஒட்டுது" என்று போன் வரும். துரு அளவுக்கு மீறி வளர்ந்து பொடியாக நிற்கிறது என்று அர்த்தம்.

சும்மா விட்டால் போகாது. மேலேயே கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தாலும் பொடியோடு சேர்ந்து உரிந்துவிடும். மெல்லிய கம்பி பிரஷ்ஷால், கையால்தான், மிஷினில் வேண்டாம், பொடியை எடுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி கிட்டத்தட்ட வெள்ளையாகவே வரும்வரை தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தெளிப்புக்கும் நடுவே இதைச் செய்திருந்தால் இந்த நிலைமையே வந்திருக்காது. நானும் சோம்பேறித்தனத்தால் பல தடவை இதை விட்டிருக்கிறேன்.

அப்படியும் நிற்கவில்லையென்றால் கொதிக்க வையுங்கள். சின்னப் பாகங்களை, டூல் பாக்ஸ் மூடி, கிளாம்ப், ஹாரன் பிராக்கெட் போன்றவற்றை, அலுமினியம் அல்லாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி 20 நிமிடம் கொதிக்க விட்டால் செந்துரு கருந்துருவாக மாறிவிடும். பழைய துப்பாக்கிகளுக்குக் கறுப்பேற்றும் முறையும் இதுதான். பொடி பிரஷ்ஷில் வந்துவிடும், கறுப்பு இரும்போடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் முக்கியம். நம் தெருவில் போர் தண்ணீரில் கொதிக்க வைத்தால் உப்பையும் சேர்த்துச் சமைக்கிறீர்கள். கேன் தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீரோ வேண்டும்.

மட்கார்டு மாதிரிப் பெரிய பாகத்தைக் கொதிக்க வைக்க முடியாது. அதற்கு நான் கடுக்காய் போடுகிறேன். நாட்டு மருந்துக்கடையில் வாங்கி, கொட்டையை எடுத்துவிட்டு, தோலை இடித்து, தண்ணீரில் கொதிக்க வைத்து வடிகட்டிய சாறு. துருவின் மேல் பூசினால் கண்ணெதிரே நீலம் கலந்த கறுப்பாகும். அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இதே இரும்பையும் கடுக்காயையும் வைத்துத்தான். கடையில் விற்கும் துரு மாற்றிகள் சிலவற்றிலும் கடுக்காயில் இருக்கும் இதே டானின்தான் இருக்கிறது. ரெண்டு பூச்சு போட்டால் பொடி கட்டுப்படும். கடுக்காய்ச் சாறு மட்டுமே காவல் என்று நினைக்காதீர்கள், மேல்பூச்சு கட்டாயம் வேண்டும்.

## மேல்பூச்சு போட்ட பிறகும் துரு வளர்கிறது

திரும்பி வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் இதுதான். கிளியருக்கு அடியில் பழுப்புப் புள்ளி தோன்றி, ஒரு வாரத்தில் புழு ஊர்ந்த மாதிரி கோடாக நீளும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: உப்பு உள்ளே மாட்டிக்கொண்டது.

துருவை வரவழைக்க நாமே உப்பு போட்டோம். அது போதாதென்று கடலும் போடுகிறது. "ஆப்ப சோடாவால் கழுவிட்டேனே" என்பார்கள். ஆப்ப சோடா ஆசிட்டைத்தான் அடக்கும், உப்பை எடுக்காது. உப்பை எடுப்பது தண்ணீர் மட்டும்தான், அதுவும் நிறையத் தண்ணீர். சூடாக, நல்ல தண்ணீரில், பிரஷ் போட்டுத் தேய்த்து, குறைந்தது நாலைந்து தடவை. கழுவிய தண்ணீரைப் பழைய வாளியில் பிடித்து, ஆப்ப சோடா தூவி, நுரை நின்ற பிறகு கொட்டுங்கள். நேராகக் கால்வாயில் விடாதீர்கள், பக்கிங்ஹாம் கால்வாய் படும் பாடு போதும்.

உப்பு போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? கழுவிக் காயவைத்த பாகத்தை மேல்பூச்சு இல்லாமல் ஒரு ராத்திரி அறைக்குள் வையுங்கள். காலையில் துருவின் மேல் குண்டூசித் தலை அளவில் பழுப்பு நீர் முத்துகள் பூத்திருந்தால் இரும்பு வியர்க்கிறது என்போம். உள்ளே உப்பின் குளோரைடு இருக்கிறது, அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது. மறுபடியும் கழுவுங்கள். ரெண்டு தடவை வியர்த்தால் மூன்று தடவை கழுவுங்கள். முத்து பூக்காத காலை வரும்வரை பூச்சு டப்பாவைத் திறக்காதீர்கள். வாடிக்கையாளர் அவசரப்படுத்துவார், அவர் அவசரத்துக்குக் கொடுத்த வண்டிதான் திரும்பி வரும்.

வியர்க்கவில்லை, ஆனாலும் பூச்சுக்கு அடியில் புள்ளி வருகிறதா? அப்போது எந்த நேரத்தில் பூசினீர்கள் என்று யோசியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை நான் எடுப்பதே இல்லை. மாசியிலிருந்து சித்திரை வரை நல்ல காலம். அதிலும் காலையில் பனியின் ஈரம் போன பிறகு, மதியம் கடல்காற்று ஏறும் முன். பதினொரு மணி வாக்கில் ஆரம்பித்து ஒரு மணிக்குள் முடித்துவிடுகிறேன். ஹீட் கன் வைத்துப் பாகத்தைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டு வந்து, சூட்டோடு பூச வேண்டும்.

புள்ளி ஓரங்களில் மட்டும் வந்தால், மடிப்பு, போல்ட் ஓட்டை, வெல்டிங் ஓரம் ஆகியவற்றில் பூச்சு ஏறவில்லை. மெல்லிய பிரஷ்ஷால் அங்கே தனியாகத் தொட்டு வைக்க வேண்டும். மட்கார்டின் உள்பக்கத்தைத் தயவுசெய்து பழசாக்காதீர்கள். யாரும் பார்க்கப்போவதில்லை, சக்கரம் அடிக்கும் உப்புத் தண்ணீர் முழுக்க அங்கேதான் விழும். உள்ளே நல்ல பிரைமர், மேலே கறுப்புப் பெயிண்ட், அவ்வளவுதான்.

எந்தப் பூச்சு போட வேண்டும்? மூன்று படி இருக்கிறது. மலிவானது மெழுகு: தேய்த்துவிட்டு ரெண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். கறையும் தோற்றமும் மிக அழகாக இருப்பது இதில்தான். வீட்டுக்குள் நிற்கும் வண்டிக்குப் போதும். அடுத்தது லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய்: டபுள் பாயில்டு என்று கேட்டு வாங்கி, துணியால் மெல்லியதாகத் தேய்த்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று பூச்சு. லேசாக மஞ்சள் ஏறும், எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. லின்சீட் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீர் வாளியில் போட வேண்டும். நானே ஒரு முறை புகை வருவதைப் பார்த்துத்தான் நம்பினேன்.

மூன்றாவது, தினமும் ராயபுரம், காசிமேடு பக்கம் ஓடும் வண்டிக்கு, ஹார்டனர் கலந்து அடிக்கும் மேட் கிளியர். அதை வீட்டு மாடியில் அடிக்காதீர்கள். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், துணி மாஸ்க் ஒன்றுக்கும் உதவாது. காற்று வரும் மாஸ்க்கும் பெயிண்ட் அடிக்கும் தனி அறையும் உள்ள பெயிண்டரிடம் கொடுங்கள். கழுவும் வேலையை நீங்களே முடித்துக் கொடுங்கள், ராத்திரி அறைக்குள் வைத்துப் பார்க்கும் சோதனை உட்பட. பெயிண்டர் உப்பைப் பார்க்க மாட்டார்.

கோடு கோடாக ஊர்ந்த துரு ஏற்கெனவே வந்துவிட்டால் பூச்சின் மேலே பூச்சு பயன்படாது. அந்தப் பக்கத்தை முழுக்கச் சுரண்டி, கழுவி, மறுபடி.

## கிளியர் வெள்ளையாக மங்குகிறது

அடித்த அரை மணியிலேயே பால் மாதிரி ஆனால் காற்றில் ஈரம். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரில் அதிகம் வரும். ஹீட் கன்னை ஓரடி தூரத்தில் வைத்து மெதுவாகச் சூடு காட்டினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். போகாவிட்டால் ரிடார்டர் தின்னரை (மெதுவாகக் காயும் தின்னர்) மெல்லிய தூறலாக அடித்துப் பாருங்கள்.

சில நாள் கழித்து வெளுத்து, நகத்தால் சுரண்டினால் தோலாக உரிந்து வந்தால், அடியில் மெழுகோ எண்ணெயோ இருக்கும்போதே மேலே அடித்திருக்கிறீர்கள். மெழுகு போட்ட பாகத்தில் பிறகு கிளியருக்கு மாற முடியாது, முழுக்க எடுக்க வேண்டும். ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள்.

## அலுமினியம்: வெள்ளை பூக்கிறது, அல்லது பழுப்புப் புள்ளி

கிராங்க்கேஸ், பிரைமரி கவர், கியர்பாக்ஸ். பழுப்புப் புள்ளிகள் வந்தால் பதற வேண்டாம், அலுமினியம் துருப்பிடிக்கவில்லை. ஸ்டீல் ஊல் போட்டுத் தேய்த்ததில் அதன் துகள்கள் அலுமினியத்துக்குள் பதிந்து, அவை துருப்பிடிக்கின்றன. சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட்டில் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தால் போகும். இனிமேல் அலுமினியத்துக்கு ஸ்டீல் ஊல் வேண்டாம்.

மொத்தமாகக் கறுத்துவிட்டதா? காஸ்டிக் சோடா போட்டிருப்பீர்கள். வார்ப்பு அலுமினியத்தில் கலந்திருக்கும் சிலிக்கானும் செம்பும் அப்படியே நின்று கரி மாதிரித் தெரியும். சிலர் இதையே பழசு என்று விட்டுவிடுகிறார்கள், பொய்யாகத்தான் தெரியும். தேய்த்து எடுங்கள். எனக்குத் தெரிந்து அலுமினியத்தைப் பழசாகக் காட்ட ஆசிடும் வேண்டாம், காஸ்டிக்கும் வேண்டாம். பஃபிங் பளபளப்பை ஸ்காட்ச் பிரைட்டில் உடைத்துவிட்டு, பழைய இன்ஜின் ஆயிலைத் தொட்டு, இன்ஜின் ஃபின்களின் (சூட்டைத் தணிக்கும் தகடுகள்) இடுக்கில் மட்டும் அழுக்கை விட்டுவிட்டு மேல்புறத்தைத் துடைத்தால் போதும். முப்பது வருட வண்டி அப்படித்தான் இருக்கும்.

வெள்ளைப் பொடி பூத்து, துடைத்த பிறகு அடியில் குழி தெரிந்தால் அது அரிப்பு. ஓரங்களில் மட்டும் என்றால் துடைத்து மெழுகு போடுங்கள். கேஸ்கெட் உட்காரும் முகத்தில் குழி இருந்தால் லேத் பட்டறைக்குப் போக வேண்டியதுதான், இல்லையென்றால் ஆயில் கசியும்.

## பித்தளை: இளஞ்சிவப்பாகிறது, அல்லது நிறம் துடைத்தால் போய்விடுகிறது

பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு, சில மூடிகள், பெயர்ப்பட்டை. பித்தளை செம்பு நிறத்துக்கு மாறியிருந்தால் ஆசிடில் ரொம்ப நேரம் கிடந்திருக்கிறது, மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு மிஞ்சிவிட்டது. மெல்லிய எமரி தாளில் எடுத்தால் அடியில் மஞ்சள் திரும்பும். புளி போட்டு விளக்கினாலும் அதிக நேரம் ஊறவைக்காதீர்கள், இதே கதைதான்.

நிறம் நிற்கவில்லை என்றால் முதலில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவசரப்பட்டு நிறமேற்றியிருக்கிறீர்கள். மூடிய டப்பாவில் வேகவைத்து உடைத்த முட்டையோடு பாகத்தை ஒரு நாள் வையுங்கள், தொடாமல். முட்டையின் கந்தகம் மெதுவாகப் பழுப்பேற்றும். நாற்றம் தாங்காது, வீட்டுக்கு வெளியே வையுங்கள். அம்மோனியா வாடையில் வைக்கலாம் என்று பலர் சொல்வார்கள், நிறமும் சீக்கிரம் வரும். இழுவையில், அதாவது இழுத்துப் பிடித்த நிலையில் இருக்கும் பித்தளைக்கு அது விஷம். வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலத்தில் குதிரை லாயத்தின் அருகே வைத்த தோட்டா உறைகள் தானாக வெடிப்பு விட்டதற்கே அம்மோனியாதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். ஸ்போக் நிப்பிள்கள் பித்தளை, எப்போதும் இழுவையில் இருப்பவை. அந்தப் பக்கம் அம்மோனியாவைக் கொண்டு போகாதீர்கள்.

கார்புரேட்டரைப் பித்தளை என்று நினைத்து எதிலும் முக்காதீர்கள். பழையவை பல துத்தநாகக் கலவையில் வார்த்தவை, ஆசிடில் கரையும்.

## குரோம் மங்கவே மாட்டேன் என்கிறது

மங்காது. அதற்காகத்தான் குரோமே போட்டார்கள். லேசான மங்கல் போதும் என்றால் ஸ்காட்ச் பிரைட்டில் தேய்த்துப் பளபளப்பை உடையுங்கள், அதோடு நிறுத்துங்கள். பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் குரோம் போகும், ஆனால் புகையும் கழிவும் ஆபத்தானவை, அடியில் நிக்கல் பாதி பாதியாகத் தெரியும். பிளேட்டிங் பட்டறையில் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். செலவு அதிகம் என்றாலும் எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது: குரோமை எடுத்த பிறகு நிக்கலோடு நிறுத்தச் சொல்வது. மஞ்சள் கலந்த இதமான பளபளப்பு வரும், நம் ஊர் ஈரத்தில் சில மாதத்தில் தானாகவே மங்கிக் கனிந்துவிடும். ரிம், ஹேண்டில்பாருக்கு இது வேண்டாம், முதலில் சொன்ன பட்டியலைப் பாருங்கள்.

சைலன்சரில் போட்ட மெழுகு முதல் ஓட்டத்திலேயே புகைந்து போய்விடும். அங்கே வெப்பம் தாங்கும் மேட் பூச்சு மட்டும்தான். வளைவில் நீலம் ஏறினால் அது கோளாறில்லை, சூடு.

## எல்லாம் சரியாக வந்தது, ஆனாலும் பொய்யாகத் தெரிகிறது

இதற்கு ரசாயனம் எதுவும் உதவாது. துரு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது, அதுதான் காரணம். பழைய வண்டி எங்கே தேய்ந்ததோ அங்கேதான் தேயும்.

புதுப்பேட்டைக்குப் போய், உடைக்க வந்த வண்டிகளை ஒரு மணி நேரம் சும்மா பாருங்கள். டேங்க் ரெண்டு பக்கமும் முட்டி உரசும் இடத்தில் பெயிண்ட் மெலிந்திருக்கும். மூடியிலிருந்து பெட்ரோல் வழிந்த பாதையில் நிறம் போயிருக்கும். 'ஸ்டாண்டர்டு' புல்லட்டில் கியர் வலது பக்கம், அதனால் வலது கவரில்தான் உரசல். நம் ஆட்கள் பூட்ஸ் போடுவதில்லை, ரப்பர் செருப்புதான்; ஆழமான கீறல் இருக்காது, பளபளவென்று தேய்ந்திருக்கும். சைடு ஸ்டாண்டில் இடது பக்கம் சாய்ந்து நிற்பதால் மழைத்தண்ணீர் இடது ஓரங்களில் தேங்கும், துரு அங்கே ஆழமாக இருக்க வேண்டும். காசிமேட்டில் மீன் பெட்டி கட்டி ஓடிய வண்டி என்றால் பின் மட்கார்டு தனிக் கதை சொல்லும்.

டேங்கில் கையால் போட்ட தங்கக் கோடுகள் இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் தயாரான டேங்குகளில் அந்தக் கோடுகளைக் கையாலேயே போட்டார்கள், ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. நீங்கள் புதிதாகப் போட வைத்தது என்றால் நன்றாகக் காய்ந்த பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் (மிக மெல்லிய உப்புத்தாள்) முட்டி படும் இடத்தில் மட்டும் லேசாகத் தேயுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள், தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள்.

கடைசியில் காட்டிக்கொடுப்பது சின்னச் சாமான்கள்தான். மொத்த வண்டியும் பழசு, நடுவில் நாலு ஸ்க்ரூ மட்டும் வெள்ளி மாதிரி மின்னும். எடை தாங்காத ஸ்க்ரூக்களை வினிகரில் போட்டுத் துத்தநாகத்தை எடுத்து, கடுக்காய்ச் சாறில் முக்கி, எண்ணெய் தடவிப் போடுங்கள். கைப்பிடி ரப்பர் புதுசு என்றால் ஒரு மாதம் ஓட்டினால் தானாகவே அழுக்காகிவிடும். சீட்டை மட்டும் பழசாக்கச் சொல்லாதீர்கள், புதுசாகவே இருக்கட்டும். ஸ்பிரிங் செத்த சீட்டில் உட்கார்ந்து மாதவரம் வரை ஒரு தடவை போய் வந்தால் நீங்களே கேட்க மாட்டீர்கள்.